மண்ணும் நீரும் அறிந்து மரம் வைப்போம்
திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத் தோட்டங்களுக்கு ஒரு பாடம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோருக்குக் காவிரியும், அதற்கப்பால் ஸ்ரீரங்கத் தீவின் தென்னைகளும் வாழைகளும், அதற்கும் அப்பால் கொள்ளிடத்தின் மணற்பரப்பும் தெரியும். அங்கேயே திரும்பித் தென்மேற்குத் திசையை நோக்கினால், நகரத்தைக் கடந்ததும் செம்மண் மேடுகளும், பாறைக் குன்றுகளும், இடையிடையே பனையும் வேம்பும் காணப்படும். ஒரே வெயில், ஏறத்தாழ ஒரே மழை. ஆயினும் வடக்கே செழிப்பது தெற்கே கருகுகிறது. தெற்கே காய்ப்பது வடக்கே அழுகிவிடுகிறது. இதன் காரணத்தை அறிந்துகொள்வதே தோட்டக்கலையின் முதற்பாடமாகும்.

ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நம் ஊர்களில் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. பள்ளிக்கூடத்திலும், ஊருணிக் கரையிலும், சாலையோரத்திலும், வீட்டுக் கொல்லைகளிலும் ஆர்வத்தோடு குழி வெட்டுகிறோம். ஆனால் அடுத்த சித்திரையில் சென்று பார்த்தால், பல குழிகளில் காய்ந்த குச்சிகளே நிற்கின்றன. கன்றின் விலையும், வேலையாள் கூலியும், குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றிய நீரும் வீணாகின்றன. இவற்றினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. "நம் ஊர் மண்ணில் எதுவும் வராது" என்ற எண்ணம் மக்கள் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. ஒரு முறை அவ்வாறு மனம் சலித்த ஊரில் மறுபடியும் மண்வெட்டியை எடுக்கச் செய்வது எளிதன்று. பெரும்பாலும் குற்றம் மண்ணிடம் இல்லை. அந்த மண்ணுக்குப் பொருந்தாத கன்றைத் தேர்ந்தெடுத்த நம்மிடமே இருக்கிறது.

குளிரா, நீரா?

மேலைநாடுகளில் தோட்டம் போடுவோர் முதலில் தங்கள் ஊர் எந்த மண்டலத்தில் உள்ளது என்று பார்க்கிறார்கள். அமெரிக்க நாட்டு விவசாயத் துறை 1960-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு படத்தை வெளியிட்டது. குளிர்காலத்தில் வெப்பநிலை எவ்வளவு தாழ்கிறது என்பதைக் கொண்டு நாட்டை மண்டலங்களாக அது பிரிக்கிறது. உறைபனி செடிகளைக் கொல்லும் நாட்டில் அதுவே தக்க அளவுகோல். ஆனால் நம் சமவெளியில் உறைபனி இல்லை. ஸ்ரீரங்கத்தையும் மணப்பாறையையும் அந்த அளவுகோல் பிரித்துக் காட்டாது. இங்கே செடியைக் கொல்வன நான்கு: வைகாசி வறட்சி, ஐப்பசியில் வேரடியில் தேங்கும் நீர், ஆடிக் காற்று, மண்ணிலுள்ள உப்பு.

நம் நாட்டு அறிஞர்கள் மழை, மண், பாசனம் ஆகியவற்றைக் கருதித் தமிழ்நாட்டை 7 வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்துள்ளார்கள். வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரிப் படுகை, தெற்கு, அதிக மழைப் பகுதி, மலைப் பகுதி என்பன அவை. திருச்சி மாவட்டத்தின் ஆற்றுப் பாசன ஊர்கள் காவிரிப் படுகை மண்டலத்தைச் சேர்ந்தவை. எனினும், மண்டலத்தின் பெயரை மட்டும் அறிந்து கன்று வாங்குவது போதாது. ஒரே மாவட்டத்தில், சில சமயம் ஒரே ஊராட்சியில், இரண்டு மூன்று வகை நிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன.

வானம் தருவது என்ன?

திருச்சி வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு அணித்தான மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ பாதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. மாசி, பங்குனியில் மழை மிகக் குறைவு. சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டுவதும் உண்டு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசுகிறது. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்னும் பழமொழியின் உண்மையைக் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கும் உழவரிடம் கேட்டால் தெரியும்.

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீராகும். ஆகவே 50 சதுர மீட்டர்க் கூரையின்மீது ஓராண்டில் விழும் மழை ஏறத்தாழ 40,000 லிட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக எஞ்சுவதே சிறு கொல்லைக்குப் பெருந்துணையாகும். ஆனால் அந்த நீர் மூன்று மாதத்தில் வந்து சேருகிறது; செடியோ பன்னிரண்டு மாதமும் குடிக்கிறது. காய்க்கும் தென்னை ஒன்றுக்குக் கோடையில் நாள்தோறும் 50 லிட்டர் நீர் என்று குறைவாகவே கொண்டாலும், 100 நாளைக்கு 5,000 லிட்டர் தேவை. அத்தனை நீர் வைகாசியில் உங்கள் கிணற்றில் இருக்குமா என்று கணக்கிட்ட பின்னரே கன்று வாங்க வேண்டும்.

ஊர்ப்பெயர் கூறும் பாடம்

எந்த மரம் எங்கே வளரும் என்பதை நம் முன்னோர் ஊர்ப்பெயரிலும் கோயில் தலமரத்திலும் குறித்து வைத்திருக்கிறார்கள். திருவானைக்காவின் தலமரம் வெண்ணாவல். நாவல் ஈரம் விரும்பும் ஆற்றோர மரம். சில நாள் நீர் தேங்கினாலும் தாங்கும். கருவறையிலேயே நீர் ஊறும் தலத்திற்கு அது எவ்வளவு பொருத்தம்! ஸ்ரீரங்கத்தின் தலமரம் புன்னை. ஆழ்ந்த மணல் கலந்த மண்ணில் நிழல் பரப்பி நிற்கும் இயல்புடையது. கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ள திருப்பைஞ்ஞீலியின் பெயரிலுள்ள ஞீலி என்பது ஒருவகை வாழை. அதுவே அவ்வூர்த் தலமரம். இலால்குடிக்கு அருகிலுள்ள மாந்துறையில் மாமரம். காவிரியின் தென்கரையில் திருப்பராய்த்துறை, பராய் மரத்தால் பெயர் பெற்றது. அடுத்துள்ள கரூர் மாவட்டத்தின் குளித்தலையில் கடம்பர்கோயில், கடம்ப மரத்தால் பெயர் பெற்றது.

ஆழ்வார்களில் ஒருவரான தொண்டரடிப்பொடியார் ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் அமைத்து, பூவும் துளசியும் தொடுத்து அரங்கனுக்குச் சாத்தி வந்தார் என்பது அனைவரும் அறிந்தது. ஆற்று மண்ணில் வடிகாலும் ஈரமும் ஒருங்கே கிடைப்பதால் பூச்செடிகள் அங்கே நன்கு வளர்கின்றன. இன்றும் எட்டரை, கோப்பு முதலிய ஊர்களில் மல்லிகையினப் பூக்கள் பயிராகின்றன.

இவ்வாறே உங்கள் ஊரிலும் கோயில் மரம், சாவடி மரம், களத்துமேட்டு மரம் என நின்றுகொண்டிருக்கும் முதிய மரங்களைக் கவனியுங்கள். யாரும் நீர் ஊற்றாமல் ஐம்பது ஆண்டு கோடையைத் தாண்டிய மரமே அம்மண்ணின் நற்சான்று.

ஐவகை நிலங்களும் அவற்றுக்கேற்ற செடிகளும்

1. ஆற்றுப் படுகை: முக்கொம்புக்கும் கல்லணைக்கும் இடைப்பட்ட தீவும், காவிரியின் இரு கரையிலுள்ள அந்தநல்லூர், முசிறி, தொட்டியம், இலால்குடிப் பகுதிகளின் பாசன நிலங்களும் இதில் அடங்கும். தென்னை, பூவன், நேந்திரன், ரஸ்தாளி, கற்பூரவல்லி ஆகிய வாழை வகைகள், அகத்திமீது ஏறும் வெற்றிலை, எலுமிச்சை, கறிவேப்பிலை, நாவல், மல்லிகை, முல்லை, துளசி, செம்பருத்தி முதலியவை இங்கே ஏற்றவை. வண்டல் மணலாய் நீர் வடியும் இடத்தில் மாவும் நன்கு வரும். ஆனால் வயலை ஒட்டிய களிமண்ணில் நிலைமை வேறு. பப்பாளியின் வேரடியில் இரண்டு நாள் நீர் நின்றால் போதும். மரம் மடியத் தொடங்கும். பலாவும் முருங்கையும் நீர்த் தேக்கத்தைத் தாங்கா. இவற்றை வைக்க விரும்பினால் அரை மீட்டர் உயரத்துக்கு மேடு போட்டு, அதன்மேல் நடுதல் வேண்டும். 2005-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெருவெள்ளம் வந்ததை மறத்தலாகாது.

2. செம்மண் மேட்டு நிலம்: மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி ஒன்றியங்களின் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. மண் ஆழம் குறைவு, சரளை மிகுதி, மழை நீர் விரைவில் வடிந்துவிடும். வேம்பு, புளி, பனை, விளா, இலந்தை, நெல்லி, சீத்தா, கொடுக்காப்புளி, முருங்கை ஆகியவை இங்கே நிலைத்து நிற்கும். காய்கறிகளில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, சுண்டை, பந்தலில் அவரை, பீர்க்கு ஆகியவை மழையோடும் சிறிது கிணற்று நீரோடும் பலன் தரும். வேலியோரத்துப் பிரண்டைக்குத் தனியே நீர் வேண்டுவதில்லை. இங்கே வீட்டுக்கு நான்கு தென்னை என்று திட்டமிடுதல் தவறு. 2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அத்தகைய ஆண்டில் கிணற்றை நம்பிய தென்னைதான் முதலில் வாடும். வேம்பும் பனையும் நிற்கும்.

3. களர் நிலம்: மணிகண்டம் ஒன்றியத்தில் நவலூர்க் குட்டப்பட்டு முதலான ஊர்களில் இது காணப்படுகிறது. 1989-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்ட வேளாண்மைக் கல்லூரி, களர் தாங்கும் திருச்சி 1 என்னும் நெல் இரகத்தை வெளியிட்டது. மண்ணைத் திருத்துவதோடு, அம்மண்ணைத் தாங்கும் பயிரைத் தேடுவதும் அறிவுடைமை என்பதற்கு அந்த நெல்லே சான்று. தோட்டத்திலும் அவ்வாறே செய்யலாம். நெல்லி, இலந்தை, சப்போட்டா, கொய்யா, புங்கம், வேம்பு ஆகியவை ஓரளவு களரைப் பொறுக்கும். எலுமிச்சை, மா, பலா, பப்பாளி, அவரை ஆகியவற்றை இங்கே தவிர்ப்பது நலம். மண் பரிசோதனை முடிவுப்படி குழி மண்ணில் ஜிப்சம் கலந்து, நல்ல நீரால் உப்பை அடித்து வடித்து, தொழுவுரமும் பசுந்தழையும் நிறைய இட்ட பின்னரே கன்றை வைக்க வேண்டும்.

4. சுண்ணாம்பு கலந்த கரிசல்: புள்ளம்பாடி ஒன்றியத்தில் கல்லக்குடியைச் சுற்றிய நிலங்கள் இத்தன்மையன. சுண்ணாம்பு மிகுந்தால் மண்ணில் உள்ள இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எலுமிச்சையிலும் மல்லிகையிலும் இக்குறை விரைவில் வெளிப்படும். இலைவழியாக அன்னபேதிக் கரைசல் தெளித்து இதனைத் தற்காலிகமாகச் சரிசெய்யலாம். விளா, இலந்தை, சீத்தா, புளி, வேம்பு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் இத்தொல்லை குறைவு. கரிசல் மழையில் குழைந்து கோடையில் வெடிக்குமாதலால், கன்றைச் சுற்றி மூடாக்கு இடுதல் இன்றியமையாதது.

5. மலையும் அடிவாரமும்: துறையூர், உப்பிலியபுரம் பகுதியில் உள்ள பச்சைமலையில் வெப்பம் குறைவு. மலைமேல் பலா, முந்திரி, மரவள்ளி முதலியவை நன்கு வளர்கின்றன. அடிவார நிலத்திலோ செம்மண் மேட்டுக்குச் சொன்னவையே பொருந்தும்.

எல்லா வகை நிலத்துக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. நாற்றுப் பண்ணையில் பூத்துக் குலுங்கும் மலைநாட்டுச் செடிகளைக் கண்டு மயங்கலாகாது. கொடைக்கானலிலோ உதகையிலோ வளரும் பேரி, பிளம்ஸ் போன்றவை குளிர்ந்த இரவை வேண்டுவன. அவற்றை வாங்கித் திருச்சி வெயிலில் வைப்பது பணத்தைக் குழியில் இடுவதாகும். அதுபோலவே, அழகும் வறட்சி தாங்கும் இயல்பும் கருதி அரளியை நடுவோர், அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதை மறவாமல், குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு சிறு ஸ்ரீரங்கம்

வறண்ட ஊரில் உள்ளோர் வாழையும் கறிவேப்பிலையும் தமக்கு இல்லை என்று சோர்வடைய வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குளிக்கும் இடமும் பாத்திரம் கழுவும் இடமும் உண்டு. அங்கிருந்து வழிந்தோடும் நீர் நாள்தோறும் கிடைப்பது, வானத்தை எதிர்பாராதது. அந்நீரை ஒரு சிறு வாய்க்கால் வழியே கொல்லைக்குத் திருப்பி, சரளைக் கல்லும் மணலும் இட்ட குழியில் வடியவிட்டால், இரண்டு வாழையும் ஒரு தென்னையும் வளரும். வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கம் பிற்பகல் வெயிலிலிருந்து காப்பாற்றும். அங்கே கறிவேப்பிலையும் கீரைப் பாத்தியும் வைக்கலாம். மேற்குப் பக்கம் வெயிலையும் காற்றையும் தாங்கும் வேம்பு அல்லது முருங்கைக்கு உரியது. இவ்வாறு ஒரு கொல்லையிலேயே இரண்டு மூன்று தட்பவெப்ப நிலைகள் இருக்கின்றன. அவற்றை அறிந்து இடம் ஒதுக்குகிறவரே நல்ல தோட்டக்காரர்.

மண்ணை அறிய மூன்று சோதனைகள்

முதலாவது, குழிச் சோதனை. கன்று வைக்கும் இடத்தில் 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து, நீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடியும் நிரப்புங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் பலாவும் முருங்கையும் பப்பாளியும் வைக்கலாம். மறுநாளும் நீர் நின்றால் நாவல் போன்றவையே தக்கவை.

இரண்டாவது, உருண்டைச் சோதனை. ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டிக் கயிறுபோல் திரியுங்கள். திரிக்க வராமல் உதிர்ந்தால் மணல். நீண்ட திரியாய் வந்தால் களி. குட்டையாய் முறிந்தால் நடுத்தரமான தோட்ட மண்.

மூன்றாவது, வெள்ளைப் பூப்புச் சோதனை. வெயில் காலத்தில் தரையின்மேல் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ உப்புப் படிந்தால், மண்ணைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பாமல் கன்று வாங்கக் கூடாது. மண்ணின் கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருப்பது பெரும்பாலான தோட்டச் செடிகளுக்கு உகந்தது. 8.5-க்கு மேற்பட்டால் களர் என்று ஐயுற வேண்டும். கிணற்று நீரையும் உடன் பரிசோதித்தல் நன்று. நல்ல மண்ணையும் உப்பு நீர் கெடுத்துவிடும்.

எப்பொழுது நடுவது?

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது விதைக்குச் சொன்னது. மரக்கன்றுக்கு ஆடி ஏற்றதன்று. காற்று பலமாக வீசும். மண்ணில் ஈரம் போதாது. ஆடியில் குழி எடுத்து ஆறவிடுங்கள். மாவுக்கும் சப்போட்டாவுக்கும் எல்லாப் பக்கமும் 1 மீட்டர் அளவும், கொய்யாவுக்கும் முருங்கைக்கும் 45 சென்டிமீட்டரும் போதும். ஆவணியில் மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரம் கலந்து குழியை நிரப்புங்கள். புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி முழுவதும் நடவுக் காலம். அப்பொழுது நடப்பட்ட கன்று மூன்று மாத மழையில் வேரூன்றி, கோடையைத் தாங்கும் வலிமை பெறும். தையில் நட்ட கன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கோடையில் தென்னை மட்டை, வைக்கோல், சருகு ஆகியவற்றால் மூடாக்கு இட்டு, அடித்துளையில் திரி செருகிய மண்பானை ஒன்றைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், ஒரு பானை நீர் சில நாள் வரை மெல்லக் கசிந்து வேரை நனைக்கும். மேற்கு எல்லையில் அகத்தி, சவுக்கு அல்லது மூங்கிலை நெருக்கமாக வளர்த்தால் ஆடிக் காற்றின் வேகம் தணியும்.

ஒரே வகை மரத்தையே ஊர் முழுதும் வைப்பதும் ஆபத்து. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில், காவிரிப் படுகையின் கிழக்கு மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. தென்னையை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் பல ஆண்டு வருமானத்தை ஒரே இரவில் இழந்தன. பலவகை மரம் வைத்திருப்பவருக்கு ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

கன்றுகளுக்கு விண்ணப்பம் எழுதுமுன் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒருநாள் ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். முதிய உழவர்களையும், கொல்லையைப் பராமரிக்கும் பெண்களையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் ஐப்பசியில் நீர் நிற்கும், எந்தக் கிணறு வைகாசியில் வற்றும் என்பதை அவர்களே நன்கறிவர். அவற்றைக் குறித்து, ஊரை நீர் நிற்கும் நிலம், நீர் வடியும் நிலம், உப்பு நிலம் என மூன்றாகப் பிரித்து ஒரு படம் வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மரங்களின் பட்டியல் எழுதி, கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். பின்னர் தோட்டக்கலைத் துறை அலுவலரிடமோ, சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலோ அதனைக் காட்டி ஆலோசனை பெறலாம். வாழையைப் பற்றிய ஐயங்களுக்குத் திருச்சியிலேயே 1993-ஆம் ஆண்டு முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இயங்கி வருகிறது.

இறுதியாக ஒரு பதிவேடு தேவை. நட்ட நாள், மரத்தின் பெயர், நிலத்தின் வகை, நீர் ஊற்றப் பொறுப்பேற்றவர் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். அடுத்த வைகாசியில் மறுபடியும் நடந்து, உயிரோடுள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள். எந்த நிலத்தில் எந்த மரம் பிழைத்தது, எது மடிந்தது என்று அப்பதிவேடு காட்டும் கணக்கே உங்கள் ஊருக்கென்று எழுதப்பட்ட தோட்டக்கலை நூலாகும். நூறு கன்று நட்டுப் பத்தைக் காப்பதைவிட, இருபது கன்று நட்டுப் பதினெட்டைக் காக்கும் ஊரே மறு ஆண்டும் ஊக்கத்தோடு மண்வெட்டி எடுக்கும். வரும் ஆடியில் குழி எடுக்குமுன் இப்பணியைத் தொடங்குவோமாக.